கண்ணுக்குக் கீழே ஒரு முள்

இல்லை அண்ணே, கெட்டுப்போகவில்லை. மெழுகைச் சுரண்டி மூடியைத் திறந்ததும் முதலில் வந்தது சாராய வாடைதான். மீன் வாடை அதற்குப் பின்னால், தயங்கித் தயங்கி வந்தது. மீன் பதினெட்டும் இருக்கின்றன. நிறம்தான் போய்விட்டது. எல்லாம் பழைய காகிதத்தின் நிறம்.

மீனைக் கெடாமல் போட்டுவைக்கக் கொழும்பிலிருந்து ஸ்பிரிட் வர வாரக்கணக்கில் ஆகும் என்று நீ தவறணையிலிருந்து சாராயம் வாங்கிவரச் சொல்வாய். கருவாட்டுக் கடைக்காரர் மகன் மதறாசுக்குப் படிக்கப் போய்க் குடிக்கப் பழகி வந்திருக்கிறான் என்று பதுளைக் கடைத்தெரு பேசிக்கொண்டது. எதிர்க் கடை முஸ்லிம் பெரியவர், நாங்கள் நானா என்போம், ஒருநாள் அப்பாவிடமே கேட்டுவிட்டார். நீ உள்ளேயிருந்து குரல் கொடுத்தாய்.

"நான் குடிக்கலை நானா. என் மீனுங்கதான் குடிக்குது."

"அப்போ மறுமையில கேள்வி கணக்கு உன் மீனுக்குத்தான் தம்பி" என்றார் அவர். அப்பா சிரிக்கவில்லை. "நான் செத்த மீனை வித்துச் சோறு போடுறேன். இவன் செத்த மீனுக்குச் சாராயம் ஊத்துறான்" என்றார்.

இன்று மத்தியானம், கடைக்கு மேலே உன் அறையில் உட்கார்ந்து போத்தலைத் திறந்தேன். கல்லூரி விடுமுறை. கீழே அம்மா இருக்கிறாள். அவளுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது.

இரண்டு வாரத்துக்கு முன் வெள்ளைக்காரத் துரைமாரின் தூண்டில் சங்கத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. செயலாளர் துரை எழுதியிருக்கிறார். மரியாதையான கடிதம். நமுனுகுல மலையில் அருவிக்கு மேலே இருக்கும் ஓடையிலும் இந்தத் தடவை சீமை மீன் விடப்போகிறார்களாம். முட்டைகள் அடுத்த மாதம் கப்பலில் வருகின்றன. உன் பழைய அறிக்கையையும், பிறகு நீ எழுதிய குறிப்பையும் சேர்த்து அச்சிட வீட்டாரின் சம்மதம் வேண்டும். அங்கே அழிந்துபோகக்கூடிய மீன் எதுவும் இல்லை என்பதை உங்கள் அண்ணனே நிறுவியிருக்கிறார் என்று ஒரு வரி.

அந்த வரியைப் படித்தபின் நான் சரியாகச் சாப்பிடவில்லை. உன்னிடம் சொல்லவேண்டியது ஒன்று ஏழு வருடமாக என்னிடம் இருக்கிறது.

*

நீ படிப்பு முடித்து வந்தபோது எனக்குப் பத்து வயது. உனக்கு இருபத்திரண்டு. ஒரு பித்தளை நுண்ணோக்கியும் இரண்டு பெட்டி நிறையப் போத்தல்களும் கொண்டுவந்தாய். நான் உன்னை நீ என்றே கூப்பிடுவேன். மூத்தவனை நீங்க என்று சொல்லடி என்று அம்மா தலையில் குட்டுவாள். "விடும்மா, மீனுங்க என்னை மரியாதையாவா பாக்குது" என்பாய்.

துரைமார் உன்னை வேலைக்கு வைத்துக்கொண்டது மீனைப் பற்றி நீ எழுதப்போவதற்காக அல்ல. இங்கிலாந்து ஓடைகளில் வாழும் ட்ரௌட் மீனை இங்கே வளர்த்துத் தூண்டில் போட வேண்டும். அதன் முட்டைகளைப் பொரிக்கவைக்கத் தெரிந்த ஆள் வேண்டும். தேயிலைத் தோட்டத்துச் சனங்கள் அதற்குத் தொரை மீனு என்று பெயர் வைத்தார்கள். முட்டைகள் ஐஸில் புதைந்து கொழும்புக்கு வரும். ரயிலில் பண்டாரவளைக்கு. அங்கிருந்து மரத்தூள் மூட்டைகளுக்கு நடுவே மாட்டுவண்டியில். நமுனுகுலச் சரிவில், ஓடைக்கரையில், உனக்கு ஒரு தகரக் கொட்டகை. ஓடைத் தண்ணீர் பீலிக் குழாய் வழியாக உள்ளே வந்து, கூழாங்கல் பரப்பிய மரத்தொட்டிகளில் ஓடி, வெளியே போகும். தண்ணீரின் சூட்டை ஒரு நாளைக்கு மூன்று தடவை அளந்து எழுதுவாய்.

அந்தத் தொட்டிகளில்தான் நான் வேலைக்கு வந்தேன். செத்த முட்டை வெள்ளையாகிவிடும். அதை இடுக்கியால் எடுக்க வேண்டும். "செத்ததை எடுக்கலேன்னா பக்கத்துல இருக்கிறதுக்கும் பூஞ்சை பிடிச்சிரும்" என்றாய். உன் விரல் தடித்தது. என் விரல் சின்னது. பக்கத்து முட்டை அசையாமல் எடுப்பேன்.

நான் பெரியவளானதும் அப்பா நிறுத்தச் சொன்னார். வீட்டோடு இருக்கட்டும் என்றார். நீ பதுளைக்கு வந்து, கடையில் கருவாட்டு மூட்டை மேல் உட்கார்ந்து, அரைநாள் வாதாடினாய். கடைசியில் அம்மாவும் கூட வந்து கொட்டகைக்குப் பக்கத்து வீட்டில் தங்குவதென்று முடிவானது. சமையலுக்கு அம்மா, அம்மாவுக்குத் துணையாக நான். ஊருக்குச் சொன்னது அப்படி.

உன் ஆசை வேறு என்பது எனக்குத் தெரியும். கொட்டகைக்குக் கீழே, பள்ளத்தில், நீயே ஒரு குளம் வெட்டினாய். பதுளை ஆற்றிலிருந்து விரால் குஞ்சுகளைத் தகர டின்னில் சுமந்து வந்து விட்டாய். வளர்ந்தன. லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் தோட்டச் சனம் தின்ன ஒரு மீன், அவர்களே வளர்க்க ஒரு குளம், ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒன்று. கணக்குப் புத்தகத்தின் பின்பக்கங்களில் அதற்கான படங்கள் வரைந்து வைத்திருந்தாய். செயலாளர் துரை ஒருநாள் வந்து பார்த்தார். உங்களை வைத்திருப்பது இதற்கல்ல என்றார். அடுத்த மழையில் கரை உடைந்தது. நீ அதைத் திருப்பிக் கட்டவில்லை.

*

போத்தலுக்கு வருகிறேன்.

சங்கத்தார் கேட்டார்கள், இந்த ஓடையில் ஏற்கெனவே என்ன மீன் இருக்கிறது என்று. நீ பொரிப்புத் தொட்டியை விட்டு நகர முடியாது. ஓடை மீனைச் சேர்ப்பதும், பெயர் கேட்டு எழுதி ஒட்டுவதும் என் வேலை. எனக்குப் பதின்மூன்று வயது.

லயத்துப் பெண்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஓடையில் மீன் பிடிப்பார்கள். கீழே ஒருத்தி சேலைத் துணியை விரித்துப் பிடிப்பாள். மேலே மற்றவள் கல்லைப் புரட்டுவாள். அவர்களில் மூக்காயி என்றொருத்தி. கொழுந்தெடுப்பவள். மதுரைப் பக்கத்திலிருந்து அவள் வந்து அப்போது ஆறேழு வருடம் ஆகியிருக்கும். விரல் நீளமுள்ள மீன்களைச் சட்டியில் போட்டு வைத்திருந்தாள். நான் காகிதமும் பென்சிலுமாகப் போய்ப் பெயர் கேட்டேன்.

"என்னா பேரு. அயிரைதான்" என்றாள்.

எழுதிக்கொண்டேன். அவள் சட்டியில் உப்பை அள்ளிப் போட்டாள்.

"எங்க ஊரு அயிரையை உப்புத் தண்ணியில போட்டா வயித்துச் சேத்தையெல்லாம் கக்கிரும் பாப்பா. அப்புறம்தான் கொழம்பு வைக்கணும். இது என்னடான்னா கக்கவே மாட்டேங்குது."

"ஏன்?"

"கக்குறதுக்குச் சேறு வேணும்ல. இங்க கல்லுதானே கெடக்கு."

பக்கத்தில் இருந்தவள் சொன்னாள்: "ஊருல இருந்தவரைக்கும் நம்மளுந்தான் தின்னோம், கக்குனோம். இங்க வந்து கக்குறதுக்கு என்னா இருக்கு."

இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"கையிலயும் குத்த மாட்டேங்குது" என்றாள் மூக்காயி. "ஊரு அயிரை கண்ணுக்குக் கீழ ஒரு முள்ளு வச்சிருக்கும். தலையைப் புடிச்சா சுருக்குன்னு ஏத்திரும். இது சாது."

"அப்போ இது அயிரை இல்லையா?"

"அயிரை மாதிரி. வேற என்னான்னு கூப்புடுறது? வாரப்ப பேரைத்தானே எடுத்தாந்தோம்."

என் சீட்டு இரண்டு விரல் அகலம். அதில் அயிரை என்று எழுதினேன். மற்றதை எழுதவில்லை. இடம் இல்லை என்பது ஒன்று. அது சமையல் பேச்சு, உன் வேலைக்கு உதவாது என்று நான் நினைத்தது மற்றொன்று.

அந்த வாரம் சாராயம் குறைவாக இருந்தது. உன் பெட்டியில், நீ படிக்கும்போது வைகைக் கால்வாயில் பிடித்துவந்த மீன்களின் போத்தல் ஒன்று இருந்தது. பதினொரு மீன். உன் கையெழுத்தில் அயிரை. என் கையில் ஏழு மீன். என் கையெழுத்தில் அயிரை. இரண்டையும் ஒரே போத்தலில் போட்டு, காலியான போத்தலைக் கழுவி நண்டுக்கு எடுத்துக்கொண்டேன். உன் மேசையை ஒழுங்குபடுத்திவிட்டதாக எனக்குப் பெருமை.

அதற்குள் தொட்டியில் குஞ்சுகள் பொரிந்துவிட்டன. வயிற்றில் தொங்கும் மஞ்சள் பை கரைந்ததும் அவற்றை ஓடையில் விட வேண்டும், இல்லாவிட்டால் தொட்டியிலேயே பட்டினி கிடந்து சாகும். உன் அறிக்கை வராமல் விட மாட்டோம் என்றது சங்கம். உனக்குக் கிடைத்தது நான்கு நாள். போத்தலைத் திறந்து மேலாகக் கிடந்த பெரிய மீன்களில் மூன்றை எடுத்தாய். ஊசியால் கண்ணுக்குக் கீழே நெம்பினாய். முள் எழுந்து நின்றது.

"அதேதான்" என்றாய். "மதுரையில வண்டி வண்டியா இருக்கு."

இந்த ஓடையில் உள்ள சிறு மீன் தென்னாட்டில் எங்கும் காணப்படுவது, இங்கே குறைந்தாலும் இனத்துக்குக் கேடு இல்லை. நீ சொல்லச் சொல்ல நான் நல்ல காகிதத்தில் படியெடுத்தேன். அந்த அறிக்கை என் கையெழுத்தில்தான் போனது.

குஞ்சுகளை விட்ட அன்று துரைமார் குடை பிடித்துக்கொண்டு வந்து நின்றார்கள். வாளி வாளியாக ஊற்றினீர்கள். லயத்துச் சனம் மேட்டில் நின்று பார்த்தது. மூக்காயி உன்னிடம் கேட்டாள், "ஏங்கய்யா, பெருசானா இதை நாங்களும் புடிக்கலாங்களா?" நீ குனிந்து வாளியைக் கழுவினாய். மறுநாள் ஓடையில் யாரும் இறங்கக்கூடாது என்று மரத்தில் பலகை அடித்தார்கள்.

*

இரண்டு வருடம் கழித்து ஒரு காலை. எனக்குப் பதினைந்து. துரை பிடித்த ட்ரௌட் மீன் ஒன்றின் வயிற்றைக் கிழித்துப் பார்த்துக்கொண்டிருந்தாய். என்ன தின்கிறது என்று எழுதுவதற்காக. உள்ளே மூன்று சின்ன மீன்கள், பாதி கரைந்தவை. உடம்பில் குறுக்குப் பட்டைகள்.

"ஏ புள்ள, இங்க வா."

ஊசியால் ஒன்றின் கண்ணுக்குக் கீழே தடவினாய். மறுபடி தடவினாய். அடுத்ததை எடுத்தாய்.

"முள்ளு எங்க?"

எனக்கு அந்த நொடியிலேயே தெரிந்துவிட்டது. மூக்காயியின் சட்டி, உப்பு, சிரிப்பு, எல்லாம் ஒன்றாக வந்தது.

நீ போத்தலை எடுத்து வெள்ளைத் தட்டில் எல்லாவற்றையும் கொட்டினாய். ஒவ்வொன்றாகப் பார்த்து இரண்டு குவியலாகப் பிரித்தாய். முள் உள்ளது பதினொன்று. இல்லாதது ஏழு. சாராயத்தில் பட்டைகள் எல்லாம் கரைந்துபோய் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலவே இருந்தன.

"இதெல்லாம் எங்க புடிச்சது?"

"ஓடையில."

"எல்லாமே?"

"எல்லாமே."

"மதுரைப் போத்தல் ஒண்ணு இருந்துச்சே."

"உடைஞ்சு போச்சு அண்ணே. போன மழையில."

"சொல்லியிருக்கலாம்ல" என்றாய். அவ்வளவுதான்.

ஏன் அப்படிப் பொய் சொன்னேன் என்பதை நீ கேட்கவில்லை, கேட்கக் காரணமும் இல்லை. நான் சொல்கிறேன். அதற்கு முந்தின நாள் அப்பாவின் கடிதம் வந்திருந்தது. பெண்ணை அனுப்பிவை, இடம் வந்திருக்கிறது என்று. உன் பதில் மேசையில் கிடந்தது. மை காயாத பதில். அவ கையை நம்பித்தான் என் வேலை நடக்கிறது, இன்னும் இரண்டு வருடம் விடுங்கள். நான் அதைப் படித்திருந்தேன். அந்தக் கைதான் போத்தலைக் கலந்தது என்று எப்படிச் சொல்வேன். சொன்னால் பதுளை. கடைக்கு மேலே ஓர் அறை. பிறகு வேறொரு கடைக்கு மேலே வேறோர் அறை.

இவ்வளவு நினைக்க நேரம் இருந்ததா என்று இப்போது தெரியவில்லை. வாய் முந்திக்கொண்டது.

நீ தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாய். பிறகு உன் முகம் மாறத் தொடங்கியது. அந்த முகத்தைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. ஒரே ஓடை. ஒரே இனம். சிலதுக்கு முள் இருக்கிறது, சிலதுக்கு இல்லை. அப்படியானால் மலைத் தண்ணீரில் இந்த மீன் முள்ளை இழந்துகொண்டிருக்கிறது. நம் கண்முன்னால் இழந்துகொண்டிருக்கிறது. நீ எழுந்து கொட்டகைக்குள் நடந்தாய். என் தோளைப் பிடித்து உலுக்கினாய். "உன் ஏழும்தான்டி முக்கியம்" என்றாய்.

அப்போது சொல்லியிருக்கலாம். ஒரு நிமிடம் போயிருந்தது, அவ்வளவுதான். உன் மகிழ்ச்சியின் குறுக்கே நிற்க என்னால் முடியவில்லை. அன்று சாயந்திரம் பதினெட்டையும் திரும்பப் போத்தலில் போட்டு, மூடியைச் சுற்றி மெழுகு ஊற்றி அடைத்தது நான்தான். பத்திரமாக இருக்கட்டும் என்றேன்.

மூன்று மாதம் எழுதினாய். உயிரோடு ஒன்றைப் பார்க்க வேண்டும் என்று ஓடை முழுக்கத் தேடினாய். கீழ் ஓடையில் ஒன்றுகூட இல்லை. "தின்னு தீர்த்துட்டுது" என்றாய். அருவிக்கு மேலே போய்ப் பார்க்க வேண்டும், மழை விடட்டும் என்றாய். மழை விட்டபோது புது முட்டைகள் வந்துவிட்டன. குறிப்பு அச்சாகி வந்தது. எட்டுப் பக்கம். முதல் பக்கத்தில் உன் பெயர். அதைத் தமிழில் சொல்லிச் சொல்லி அம்மாவுக்கு வாசித்துக் காட்டினாய். அம்மாவுக்கு முள் மட்டும் புரிந்தது. அந்தப் புத்தகத்தைச் சாமி மாடத்தில் வைத்தாள். தினமும் அதற்கும் ஒரு பூ வைக்கிறாள், இன்றைக்கும்.

விஷக்காய்ச்சல் வந்த வருடம் லயங்களில் கஞ்சி ஊற்றப் போனாய். நீயும் படுத்தாய். பதுளைக்குத் தூக்கிவந்தோம். ஏழாம் நாள் அப்பாவைக் கூப்பிட்டாய். "இவளை மதறாசுக்குப் படிக்க அனுப்புங்க. எனக்குத் தெரிஞ்சு இவ அளவுக்கு ஒழுங்கா வேலை செய்யுற ஆளு இல்ல." நான் அங்கேயே நின்றிருந்தேன். உனக்குக் கரண்டியால் தண்ணீர் கொடுத்தேன். போர்வையைச் சரிசெய்தேன். இரண்டு நாள் கழித்து நீ இல்லை.

*

மதறாசுக்குப் போன இரண்டாம் வருடம் வகுப்பில் பேராசிரியர் உன்னைப் பற்றிச் சொன்னார். சூழலால் உறுப்பு தேய்வதற்கு உதாரணம் கொடுத்தபோது, இலங்கை மலைநாட்டுத் தமிழர் ஒருவர் ஒற்றை ஆளாக ஒரு தகரக் கொட்டகையில் இதைக் கண்டுபிடித்தார் என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, அவருடைய தங்கை இங்கே இருக்கிறார் என்றார். எல்லோரும் பார்த்தார்கள். நான் குனிந்து குறிப்பெடுத்தேன். பரீட்சையில் அந்தக் கேள்வி வந்தது. நான் அந்தப் பதிலை எழுதினேன். நல்ல மதிப்பெண்.

போன வாரம் நமுனுகுலவுக்குப் போனேன். கொட்டகையில் தகரம் மட்டும் இருக்கிறது. மூக்காயிக்குத் தலை நரைத்திருக்கிறது. காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டுக்குப் போவதில்லை, பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறாள். என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டாள்.

"மீனுக்காரய்யா தங்கச்சியா? எம்புட்டு உசரம். கல்யாணம் ஆயிருச்சா பாப்பா?"

"இல்லை."

"படிக்கிறீங்களாக்கும்." குறை சொல்கிறாளா இல்லையா என்று தெரியாத குரல்.

அந்த மீன் இன்னும் எங்காவது இருக்கிறதா என்று கேட்டேன்.

"கீழ ஒண்ணும் இல்லீங்க. தொரை மீனு வழிச்சு நக்கிருச்சு. மேல இருக்கு. அருவி ஏறத் தெரியலை அதுக்கு."

அவளே கூட்டிப்போனாள். அட்டை காலில் ஏற ஏறப் பிடுங்கிப் போட்டுக்கொண்டு நடந்தாள். அருவிக்கு மேலே தண்ணீர் முழங்கால் ஆழம்தான். கல்லைப் புரட்டினாள். நான் துணியைப் பிடித்தேன். ஆறு மீன்கள் விழுந்தன.

அண்ணே, நீ அதை உயிரோடு பார்த்ததில்லை. மஞ்சள் உடம்பு, அதில் கறுப்புப் பட்டைகள், ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு விதமாக. வால் அடியில் ஒரு கறுப்புக் கோடு. தலையைப் பிடித்துக் கண்ணுக்குக் கீழே விரலால் அழுத்தினேன். வழவழப்பு. ஆறுக்கும் அப்படியே. முள் தேய்ந்த தடம்கூடக் கிடையாது. முள்ளே இருந்திராத மீன். அயிரை இல்லை. அது வேறு. மதுரையில் இல்லை, வைகையில் இல்லை. இந்த மலைக்கு வெளியே இருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது.

இரண்டை வைத்துக்கொண்டு நாலைத் தண்ணீரில் விட்டேன்.

"என்னா பாப்பா இப்புடி விடுறீங்க. கொழம்புக்காவது ஆகும்ல."

"இங்கயும் துரை மீன் விடப்போறாங்க."

மூக்காயி துணியைப் பிழிந்து தோளில் போட்டாள். "அப்ப இதுவும் போச்சு" என்றாள். கொஞ்ச தூரம் இறங்கியதும், "உங்க அண்ணன் இருந்திருந்தா அந்தத் தொரைங்ககிட்ட எடுத்துச் சொல்லியிருப்பாரு" என்றாள்.

நான் பின்னாலேயே நடந்தேன்.

*

இதுவரை எழுதிவிட்டுக் கீழே போனேன். அம்மா அடுப்படியில் பலாக்கொட்டை சீவிக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்தேன்.

"அம்மா, அண்ணன் எழுதுன புத்தகம் தப்பு."

"எவன் சொன்னான்?"

"நான்தான் சொல்றேன். ரெண்டு போத்தலையும் ஒண்ணாக் கலந்தது நான். அவன் கேட்டப்ப, எல்லாம் ஓடை மீனுன்னு பொய் சொன்னதும் நான்."

கத்தி நின்றது. நான் நினைத்ததைவிடச் சீக்கிரம் அவளுக்குப் புரிந்தது.

"அவன் ஏமாந்துட்டானா?"

"என்னை நம்பினான்."

"ரெண்டும் ஒண்ணுதான்" என்றாள்.

பிறகு கேட்டாள்: "இப்ப எழுதிப் போட்டா அவன் பேரை எடுத்துருவாங்களா?"

"எடுக்க மாட்டாங்க. பக்கத்துல தப்புன்னு போடுவாங்க."

"போடாட்டி?"

"மேல் ஓடையில இருக்கிற மீனும் போயிரும். அதுக்கு அவன் எழுதுனதைத்தான் காட்டுறாங்க."

"மீனு" என்றாள். மூன்று கொட்டைகளைச் சீவி முடித்தாள்.

"எங்கிட்ட சொல்லாமச் செஞ்சிருக்கலாம்ல நீ."

"சொல்லாமத்தானம்மா இவ்வளவு நாள் செஞ்சேன்."

அவள் எழுந்து சாமி மாடத்துக்குப் போனாள். புத்தகத்தை எடுத்து, முந்தானையால் துடைத்து, காலைப் பூவை அதன் மேலிருந்து எடுத்தாள். புத்தகத்தை மறுபடி அதே இடத்தில் வைத்தாள். பூவைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"நாளைக்கு இதுக்குப் பூ வைக்கட்டுமா வேணாமா, நீயே சொல்லு. படிச்சவ."

பதிலுக்குக் காத்திருக்காமல் பூவோடு அடுப்படிக்குத் திரும்பிப் போனாள்.

*

நீ எனக்கு விட்டுப்போனதாக எல்லோரும் சொல்வது படிப்பை, நுண்ணோக்கியை, மீன்களை. நான் கூடவே கொண்டுதிரிவது அதையெல்லாம் அல்ல. எல்லாமே என்று நீ கேட்ட கேள்வியை. ஓடையில் என்று நான் சொல்லியிருந்தேன். அது போதுமே. ஏன் இன்னொரு தடவை கேட்டாய்? சந்தேகம் இருந்ததா? எனக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுத்தாயா? அல்லது கேட்டுக் கேட்டு எழுதுவது உன் வழக்கம் என்பதால் கேட்டாயா? சந்தேகம் இருந்தது என்றால், என்னைக் காப்பாற்ற நீ தெரிந்தே எழுதினாய். இல்லை என்றால், நீ கடைசிவரை மகிழ்ச்சியாக இருந்தாய். ஒருநாள் ஒன்றை நம்புகிறேன், மறுநாள் மற்றதை. எதை நம்பினாலும் அன்று தூக்கம் வருவதில்லை.

இரண்டு கடிதங்கள் எழுதினேன். சங்கச் செயலாளருக்கு ஒன்று: சம்மதம் இல்லை, அறிக்கையும் குறிப்பும் தவறு, மேல் ஓடையில் வேறெங்கும் அறியப்படாத மீன் இருக்கிறது, முட்டைகளை வேறு எங்காவது கொண்டுபோங்கள். உன் குறிப்பை அச்சிட்ட பத்திரிகைக்கு ஒன்று: போத்தல்களைக் கலந்தவர் அவர் அல்ல, நான், கேட்டபோது மறைத்ததும் நான், இதனுடன் முள் உள்ளது ஒன்றும் இல்லாதது ஒன்றும் அனுப்புகிறேன், பார்த்துக்கொள்ளுங்கள். அவர்கள் அச்சிடுவார்களா, துரை கேட்பாரா, தெரியாது. ஒரு பெண்ணின் கடிதத்துக்காகக் கப்பலில் வரும் முட்டைகள் திரும்பிப் போகா என்றுதான் தோன்றுகிறது.

மறுநாள் காலை இரண்டையும் எடுத்துக்கொண்டு பதுளைத் தபால் கந்தோருக்குப் போனேன். பதிவுத் தபால் என்றேன். அங்கிருந்தவர் அனுப்புகிறவர் பெயரைக் கேட்டார். என் பெயரைச் சொன்னேன். முன்பெல்லாம் இந்த வீட்டுக் கடிதங்கள் உன் பெயரில் போய்த்தான் அவருக்குப் பழக்கம், பேனாவை நிறுத்தி மறுபடி கேட்டார். மறுபடியும் சொன்னேன்.